ஆப்பிளும் ஆரஞ்சும்

கேள்வி: வேற்று இனத்தவரைக் காதலிக்கும் கதை என்றாலே அப்பாவை வில்லனாக்கிவிடுகிறார்கள். அப்படி இல்லாத ஆங்கிலப் படம் உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: 2002இல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ பாருங்கள். சிகாகோவில் உணவகம் நடத்தும் கிரேக்கக் குடும்பம். மகள் டூலா, கிரேக்கர் அல்லாத ஆசிரியர் இயனை விரும்புகிறாள். எழுதி நடித்தவர் நியா வர்டலோஸ். தன் குடும்பக் கதையை முதலில் ஒருவரே நடிக்கும் நாடகமாக மேடையேற்றியவர்.

அப்பா கஸ், எந்தச் சொல்லுக்கும் வேர் கிரேக்கம்தான் என்பார். ஜப்பானிய உடையான கிமோனோவின் பெயரைக்கூட விடமாட்டார். நம் வீடுகளிலும் இப்படி ஒரு பெரியப்பா உண்டே! மாப்பிள்ளை இறைச்சி சாப்பிடமாட்டார் என்றதும் திகைக்கும் அத்தை, சரி, ஆட்டுக்கறி செய்கிறேன் என்கிறார்.

கல்யாண விருந்தில் கஸ் பேசுவதை என் மகளோடு பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இயனின் குடும்பப் பெயரான மில்லரில், ஆப்பிளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக் கண்டுபிடிக்கிறார். தங்கள் குடும்பப் பெயரான போர்டோகலோஸ், ஆரஞ்சைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, இரண்டும் பழம்தானே என்கிறார். பிடிவாதம் துளியும் மாறவில்லை. அதற்குள்ளேயே மருமகனுக்கு இடம் கொடுத்துவிடுகிறார்.

எனக்கு ஒரு குறை உண்டு. கிரேக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் பெறுவது வரை விட்டுக்கொடுப்பதெல்லாம் இயன்தான். அவருடைய பெற்றோரையும் கொஞ்சம் பேசவிட்டிருக்கலாம்.