மருத்துவ இதழுக்குக் கட்டுரை அனுப்பி ஆறு மாதமாகிறது, பதிலே இல்லை. அந்த ஆசிரியர் குழு என்னதான் செய்துகொண்டிருக்கும்?

ஆறு மாதம் என்றதுமே நீங்கள் எம்.டி. கடைசி வருடம் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். தேர்வு நெருங்குகிறது, தீசிஸிலிருந்து ஒரு கட்டுரையைப் பிரித்து அனுப்பியிருக்கிறீர்கள், கைடு பார்க்கும்போதெல்லாம் "என்னாச்சு?" என்கிறார். அப்படி இல்லையென்றால் மன்னிக்கவும். ஆசிரியர் குழுவின் பக்கம் நானும் ஒரு வருடம் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் உங்கள் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

2018-ல் ஒரு மாநில அளவிலான குழந்தை மருத்துவ இதழுக்கு இணை ஆசிரியராக இருந்தேன். பெயர் வேண்டாம். வருடத்துக்கு நான்கு இதழ். சம்பளம் கிடையாது. பகலில் திருச்சியில் ஓ.பி., இரவு பத்து மணிக்கு மேல் மற்றவர்களின் கட்டுரைகள். இதழ் அலுவலகம் என்பது ஒரு அறை, ஒரு கம்ப்யூட்டர், மதியம் மட்டும் வந்துபோகும் ஒரு அக்கா. 1933 முதல் வரும் இண்டியன் ஜர்னல் ஆஃப் பீடியாட்ரிக்ஸ், 1964 முதல் வரும் இண்டியன் பீடியாட்ரிக்ஸ் மாதிரி பெரிய இதழ்களோடு தொடர்புள்ளவர்கள் யாராவது வந்து "எங்கள் இடத்தில் இப்படியெல்லாம் இல்லையே" என்பார்கள். இருக்காதுதான். நான் என் மேசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கட்டுரையை யாரோ வேண்டுமென்றே அடியில் போட்டு வைத்திருப்பதாக நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் முக்கால்வாசிக் கட்டுரைகள் ரிவ்யூவர், அதாவது கட்டுரையைப் படித்துத் தேறுமா என்று சொல்லும் அதே துறை ஆள், கிடைக்காமல்தான் நிற்கும். ஒரு கட்டுரைக்கு இரண்டு பேர் வேண்டும். காக்காய் வலிப்பு பற்றிய ஒரு கட்டுரைக்கு 11 பேருக்கு மெயில் போட்டேன். நான்கு பேர் முடியாது என்றார்கள், ஐந்து பேர் பதிலே போடவில்லை. மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவர் ஏழு வாரம் கழித்து "நல்ல கட்டுரை, வெளியிடலாம்" என்று ஒரே வரி அனுப்பினார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்றாவது ஆளைத் தேடினேன். இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கும் யாரும் ஒரு ரூபாய் தருவதில்லை.

அந்த வருடமும் அப்படி ஒரு வருடம். ஏப்ரல் 1 முதல் கிளினிக்கல் டிரயல்களை (நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளை) முன்கூட்டியே பதிவு செய்தால்தான் உண்டு என்று அவற்றுக்கான தேசியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ. சொல்லிவிட்டது. அதுவரை ஆய்வை முடித்துவிட்டுப் பதிவு செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் எனக்குப் போன் செய்தார்கள், அந்த விதியை நான்தான் போட்ட மாதிரி. மே மாதம் கோழிக்கோட்டில் நிபா. எங்களுடைய நல்ல ரிவ்யூவர்கள் இரண்டு பேர் அந்தப் பக்கம், அவர்களிடம் போய் "சார், அந்தக் கட்டுரை" என்று கேட்க எந்த முகத்தோடு போவது? ஆகஸ்டில் கேரள வெள்ளம். அப்புறம் ஐப்பசி பிறந்தால் நம் ஊரில் குழந்தைகள் வார்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஒரு கட்டிலில் இரண்டு காய்ச்சல். நவம்பர் 16-ம் தேதி வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. மன்னார்குடி, பட்டுக்கோட்டை உறுப்பினர்களுக்குப் போன டிசம்பர் இதழ் பொங்கலுக்கு அப்புறம்தான் கைக்குக் கிடைத்ததாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது செப்டம்பர் இதழைப் பற்றி.

மாநில மாநாடு வருகிறது, அங்கே இதழைக் கையில் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று மேலே இருந்தவர்கள் ஆசைப்பட்டார்கள். நானும் தலையாட்டினேன், அதை மறைக்கவில்லை. வழக்கமாகப் புரூஃபுக்கு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க, ஒதுக்கும் பத்து நாளை மூன்று நாளாகக் குறைத்தோம். அதில் ஒரு கட்டுரை செப்டிக் ஷாக் பற்றியது, கிருமித் தொற்று முற்றி ரத்த அழுத்தம் விழுந்துவிடும் நிலை. அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் என்று கட்டுரையாளர் சரியாகத்தான் எழுதியிருந்தார். மைக்ரோ என்பதற்கு மியூ என்ற கிரேக்க எழுத்தைப் போட்டிருந்தார், எல்லோரும் போடுவதுதான். ஆனால் அதை சிம்பல் என்ற எழுத்துருவில் தட்டியிருந்தார். அந்த எழுத்துருவில் 'எம்' என்ற பொத்தானை அழுத்தினால் திரையில் மியூ தெரியும். எழுத்துரு போனால் அது திரும்ப வெறும் 'எம்' ஆகிவிடும். அச்சகத்தில் பக்கம் அமைத்தபோது அவ்வளவையும் ஒரே எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மைக்ரோகிராம் எல்லாம் மில்லிகிராம் ஆகிவிட்டது. ஒன்றுக்கு ஆயிரம்.

கட்டுரையாளர் புரூஃபைப் பார்த்து ஓகே சொன்னார். நான் பார்த்தேன். எனக்கு மேலே இருந்தவரும் பார்த்தார். மூன்று பேரும் தினமும் அந்த மருந்தைக் கையாள்கிறவர்கள். தெரிந்த விஷயத்தைக் கண் படிப்பதில்லை, மனம்தான் படிக்கிறது.

முதல் பத்துப் பிரதிகள் வந்தன. பெருமையாக ஒன்றை எங்கள் ஐ.சி.யு. மேசையில் போட்டுவிட்டு ரவுண்ட்ஸ் போனேன். திரும்பி வந்தபோது நைட் டியூட்டி முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த சிஸ்டர் கேட்டார்: "சார், இதுல மில்லிகிராம்னு போட்டிருக்கு. நாம மைக்ரோதானே ஓட்டுறோம்?"

வாங்கிப் பார்த்தேன். காதுக்குள் ஒரு இரைச்சல் வந்தது, இப்போது நினைத்தாலும் வருகிறது. ஒரே பக்கத்தில் ஆறு இடம்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. அச்சகத்துக்குப் போன் செய்து கட்டுகளைப் பிரிக்காதீர்கள் என்றேன். "போஸ்ட் ஆபீஸ் வண்டி ஏறிடுச்சு சார், பாதி" என்றார்கள். ஓடிப்போய் இறக்கினோம். பக்கத்தை மாற்றி மறுபடி அடிக்கப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சரியான அளவை ஒட்டுச்சீட்டாக அடித்து, நானும் அந்த அக்காவும் அச்சகத்துப் பையன்கள் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, பசை தடவி, பிரதி பிரதியாக ஒட்டினோம். மாநாட்டுக்கு இதழ் போகவில்லை. தபாலில் மூன்று வாரம் தாமதமாகத்தான் போனது. அந்த மூன்று வாரத்தில் எனக்கு எத்தனை போன் வந்தது என்கிறீர்கள்! "பிரமோஷன் இன்டர்வியூ இருக்கு, என் கட்டுரை அந்த இதழ்லதான் வருது, நீங்க என்ன பண்றீங்க அங்க?" காரணத்தை எல்லோரிடமும் சொல்ல முடியுமா? பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இணையத்தில் மட்டும் போட்டிருந்தால் ஐந்து நிமிட வேலைதானே என்பீர்கள். உண்மை. ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வுக்கு எந்தக் கட்டுரை செல்லும் என்று 2015-ல் மெடிக்கல் கவுன்சில் போட்ட சுற்றறிக்கை மின்னிதழ்களைக் கணக்கில் எடுக்க மாட்டோம் என்றது, கட்டுரையாளர் பட்டியலில் முதல் இரண்டு பேருக்குத்தான் மதிப்பு என்றது. அதனால் அப்போது அச்சு இதழ் இருந்தே ஆக வேண்டியிருந்தது. அதே சுற்றறிக்கையால்தான் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்து "என் பேரை மூணாவதுல இருந்து ரெண்டாவதா மாத்துங்க" என்று கேட்பார்கள். அப்போது ரெண்டாவதாக இருக்கிற பி.ஜி. பிள்ளை எங்கே போகும் என்று நான் கேட்பேன். லைன் கட்டாகிவிடும்.

அதற்கப்புறம் எங்கள் இதழில் மியூ கிடையாது. மைக்ரோகிராம் என்று முழுசாக எழுத வேண்டும் என்று ஒரே வரியில் விதி போட்டேன். அமெரிக்காவில் மருந்துப் பிழைகளைத் தொகுக்கும் ஐ.எஸ்.எம்.பி. அமைப்பு இந்தக் குறியீட்டை எப்போதோ ஆபத்தான பட்டியலில் சேர்த்துவிட்டது. நாங்கள்தான் பட்டுத் திருந்தினோம்.

ரிவ்யூ, புரூஃப் எல்லாம் வெறும் சடங்கு என்று கீழே யாராவது எழுதுவார்கள். 1998-ல் லான்செட் என்ற பெரிய பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 12 குழந்தைகளை வைத்து எம்.எம்.ஆர். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட கட்டுரையைக் காட்டுவார்கள். ஆமாம், அதுவும் ரிவ்யூ தாண்டித்தான் வந்தது, திரும்பப் பெற 2010 வரை ஆனது. ரிவ்யூ இருந்தும் அந்த லட்சணம் என்றால், ரிவ்யூவே இல்லாமல் மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்கிறவனிடம் உங்கள் கட்டுரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

கேட்காத விஷயம் ஒன்று, பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். 1971 வங்கதேச அகதிகள் காலராவில் செத்துக்கொண்டிருந்தபோது, மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மஹாலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாயால் கொடுத்து, 30 சதவீதம் போல இருந்த இறப்பை 3.6 சதவீதமாக்கினார். அந்தக் கட்டுரை 1973-ல்தான் வெளிவந்தது. அவர் இரண்டு வருடம் காத்திருந்ததைப் பார்த்து உங்களை ஆறுதல்படுத்தலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் எனக்கு வயிறு எரிவது வேறு. அந்தத் தண்ணீரின் பெயரான ஓ.ஆர்.எஸ். என்பதை டெட்ராபேக்கில் ஒட்டி, சர்க்கரைப் பானத்தை என் கிளினிக்குக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடையில் வருடக்கணக்கில் விற்றார்கள். வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தையின் அம்மா கையில் அதுதான் இருக்கும், "ஓ.ஆர்.எஸ். குடுத்துட்டுத்தான் சார் இருக்கேன்" என்பார். ஹைதராபாத் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருடக்கணக்கில் போராடி, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது. நான் இணை ஆசிரியராக இருந்தபோதே அந்தப் பானங்களைப் பற்றி எங்கள் இதழுக்கு ஒரு தலையங்கம் எழுதிக் கொடுத்தேன். "விளம்பரதாரர்கள் இருக்காங்க, அடுத்த இதழ்ல பாக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த இதழ் வரவே இல்லை. சரி, விடுங்கள்.

டிசம்பர் இதழில் ரிவ்யூவர்களுக்கு நன்றி என்று ஒரு பக்கம் போடுவோம். அதில் அந்த சிஸ்டர் பெயரைச் சேர்த்து அனுப்பினேன். அச்சாகி வந்தபோது இல்லை. "டாக்டர்ஸ் லிஸ்ட் அது" என்று பதில் வந்தது. புதுக் குழு வரும்போது நான் தொடரவில்லை. இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். வீட்டிலும் ஒரு அளவுக்கு மேல் பொறுக்க மாட்டார்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் அதிகம்தான், நான் அவர்களுக்கு வக்கீல் இல்லை. பணிவாக ஒரு மெயில் போடுங்கள், இரண்டு வாரம் பாருங்கள், பதில் இல்லையென்றால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதி, அதற்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒப்புதல் வராமல் அனுப்பாதீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே கட்டுரை இருப்பது தெரிந்தால் இரண்டு பேரும் கதவைச் சாத்துவார்கள். நான் எம்.டி. முடித்த காலத்தில் தேர்வுக்குக் கட்டுரை அனுப்பியதற்கான சான்றே போதும் என்றிருந்தது. இப்போது உங்கள் பல்கலைக்கழகம் என்ன கேட்கிறது என்று துறையில் விசாரியுங்கள்.

மெயிலின் தலைப்பில் கட்டுரை எண்ணைப் போட மறக்காதீர்கள். "அனுப்பிய கட்டுரை என்ன ஆச்சு" என்று மட்டும் எழுதி, கீழே பெயர்கூட இல்லாமல் வந்த மெயில்களை அந்த அக்கா தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைப்பார். அதை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை.