கேள்வி - பதில்: பழைய கணினியில் தங்கிவிட்ட கருவாட்டுக் கணக்கு

கேள்வி: தந்தையாரின் கருவாட்டு வியாபாரக் கணக்குகள் எல்லாம் டாஸ் என்ற அக்கால இயங்குதளத்தில் ஓடும் பழைய 386 கணினியில் உள்ளன. ஃப்ளாப்பி டிரைவ் பழுதாகிவிட்டது. பின்புறத்து ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டிலிருந்து கேபிளும் யூஎஸ்பி மாற்றியும் வைத்து மடிக்கணினியுடன் இணைத்தேன். ஓர் எழுத்துகூட வரவில்லை. என்ன செய்வது?
- வாசகர், பாம்பன்

பதில்: நீங்கள் வாங்கியது, ஒரே எண்ணுள்ள ஊசிகளை இணைக்கும் நேர் கேபிள் என்று நினைக்கிறேன். இரு கணினிகளிலும் மூன்றாம் ஊசி அனுப்புவது, இரண்டாம் ஊசி பெறுவது. ஆகவே இவை குறுக்காக மாறியிருக்கும் 'நல் மோடம்' (null modem) கேபிள்தான் தேவை. இரண்டும் மூன்றும் குறுக்காகவும் ஐந்தாம் ஊசி நேராகவும் அமைந்த மூன்று கம்பி கேபிளைக் கடைக்காரர் தந்தால் வாங்காதீர்கள். எதிர்முனை தயார் என்ற சமிக்ஞை ஆறாம், எட்டாம் ஊசிகளில் கிடைக்கும் வரை டாஸ் ஒரு பைட்டைக்கூட வெளியே விடாது என்பதால், அக்கம்பிகளும் மாற்றி இணைக்கப்பட்ட முழுக் கேபிளையே கேட்டு வாங்குங்கள். யூஎஸ்பி மாற்றியும், பழைய சீரியல் போர்ட்டின் மின்னழுத்தத்துக்கு ஏற்ற ஆர்எஸ்-232 வகையாக இருக்க வேண்டும். தனித்தனிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் 3.3 அல்லது 5 வோல்ட் மாற்றியைப் பொருத்தினால், பழைய கணினி அனுப்பும் ஏறத்தாழ 12 வோல்ட்டில் அது கருகிவிடும்.

இனி மின்சாரம் கொடுப்பதற்கு முன் மூடியைத் திறந்து பாருங்கள். அக்காலப் பலகைகளில் பீப்பாய் வடிவில் ஒரு சிறு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்து, அருகிலுள்ள செம்புத் தடங்களின்மேல் நீலப்பச்சைப் பொருக்கு படிந்திருந்தால், இயக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். உப்புக்காற்று வீசும் உங்கள் ஊரில் சீரியல் போர்ட்டின் ஊசிகளிலும் களிம்பு ஏறியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்து, நன்கு உலரவிடுங்கள்.

மடிக்கணினியில் புட்டி (PuTTY) போன்ற டெர்மினல் நிரலைத் திறந்து, வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட், ஃப்ளோ கன்ட்ரோல் ஆர்டிஎஸ்/சிடிஎஸ் என அமைத்து, வருவதனைத்தும் கோப்பில் பதியும்படி செய்யுங்கள். பழைய கணினியில் 'மோடு' கட்டளையால் அதே வேகத்தையும் அமைப்பையும் கொடுத்தபின், 'காப்பி' கட்டளையை '/பி' (/B) என்ற குறிப்புடன் இட்டு, சேருமிடமாகக் 'காம்1' என்று எழுதுங்கள். அந்தக் குறிப்பை விட்டுவிட்டால், கோப்பின் நடுவே 26 என்ற மதிப்புள்ள பைட் வருமிடத்தில் அனுப்புவது நின்றுவிடக்கூடும்.

இவ்வழியில் நொடிக்கு 960 பைட்டுகள்தாம் வரும், ஒரு 1.44 எம்பி ஃப்ளாப்பியளவு தகவலுக்கு 26 நிமிடம் ஆகும். பொறுமையாக இருங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். 'காப்பி' பிழை சரிபார்க்காது என்பதால் ஒவ்வொரு கோப்பையும் இருமுறை பெற்று, இரண்டும் ஒன்றாக உள்ளனவா, பழைய கணினி காட்டும் பைட் அளவோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். இத்தனை வயதான வன்தட்டு எப்போது நிற்கும் என்று சொல்ல இயலாது. ஆகவே நிரல்களை விட்டுவிட்டு, தந்தையாரின் கணக்குக் கோப்புகளை முதலில் அனுப்புங்கள்.