சனிக்கிழமை மூன்று மணிக் காட்சி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கனடாவில், ஒன்டாரியோவின் நடுத்தர நகரம் ஒன்றில் வசிக்கிறேன். மாதம் ஒரு தமிழ்ப்படம் திரையிடும் சிறிய அமைப்பை இங்கே நடத்துகிறோம். அதை அறிந்து, எங்கள் ஊர் யூத சமூக மையத்தினர் தாங்கள் புதிதாகத் தொடங்கும் திரைவிழாவின் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். நான்கு நாட்கள், எட்டுப் படங்கள் என்பது திட்டம். அக்டோபர் தொடக்கத்தில் வைக்கலாம், முக்கியமான படத்தைச் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போடலாம் என்று சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, ஆனால் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. படப்பட்டியல் ஒன்றும் கொடுத்தேன். எட்டில் ஆறு, நாஜி வதைமுகாம்கள் பற்றியவை. வயதான அம்மையார் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்து, "நடுவே நாங்கள் கல்யாணமும் பண்ணிக்கொண்டோம்" என்றார்.

யூதரல்லாத ஒருவன் இதில் என்ன செய்யலாம், எதில் கைவைக்கக் கூடாது? அரசியல் சச்சரவு இல்லாமல் இதை நடத்த முடியுமா?

ர.

*

அன்புள்ள ர.,

படங்களைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் யூத நாட்காட்டி ஒன்றை வாங்கி மேஜையில் வையுங்கள். சமூக மையங்களும் ஜெப ஆலயங்களும் ஆண்டுதோறும் அச்சிடும் நாட்காட்டியில் அந்தந்த ஊருக்கான சூரிய அஸ்தமன நேரமும் இருக்கும். விழாவின் பாதி முடிவுகளை அதுவே எடுத்துவிடும்.

யூத மாதங்கள் சந்திரனை ஒட்டியவை. பருவம் தப்பாமலிருக்க 19 ஆண்டுகளில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் போலத்தான். அதனால் பண்டிகைகள் ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்காண்டு நகரும். அக்டோபர் தொடக்கம் பெரும்பாலும் திஷ்ரி மாதத்தில் விழும். அதன் முதல் இரண்டு நாட்கள் புத்தாண்டான ரோஷ் ஹஷானா. பத்தாம் நாள் யோம் கிப்பூர் நோன்பு. பதினைந்தாம் நாள் சுக்கோத் பண்டிகை தொடங்கும், இஸ்ரேலுக்கு வெளியே 23ஆம் நாள் சிம்ஹாத் தோரா என்ற திருநாளுடன் முடியும். அந்த மூன்று வாரமும் சமூக மையத்தில் தொண்டர் ஒருவரும் கிடைக்கமாட்டார். உங்கள் யோசனைக்கு பதில் வராமல் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சபாத், அதாவது ஓய்வுநாள். வெள்ளி சூரிய அஸ்தமனத்துக்குச் சற்று முன் தொடங்கிச் சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம். ஆசாரம் பார்ப்பவர்கள் அப்போது வண்டி ஓட்டமாட்டார்கள், பணத்தைத் தொடமாட்டார்கள், மின்விசையைப் போடமாட்டார்கள். டிக்கெட்டை முன்கூட்டியே விற்றுவிட்டால் போதாதா என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. போதாது, படம் பார்ப்பதே அந்த நாளுக்கு ஒவ்வாதது. பெருநகர விழாக்கள் சில சனிக்கிழமையும் திரையிடுகின்றன, மதச்சார்பற்ற யூதர்கள் போகவும் செய்கிறார்கள். ஆனால் சமூக மையமே நடத்தும் சிற்றூர் விழாவில் ஒரு சனி மதியக் காட்சி பாதிக் குடும்பங்களை வெளியே நிறுத்திவிடும். வெள்ளி மாலையும் அப்படியே.

சனி இரவுக் காட்சி வைக்கலாம், ஆனால் பருவத்தைப் பார்த்து. டொராண்டோ வட்டாரத்தில் ஜூன் மாதத்தில் சூரியன் மறையவே ஒன்பது மணியாகும், சபாத் முடியப் பத்தைத் தாண்டும். அதற்குமேல் வீட்டிலிருந்து கிளம்பி வரவேண்டும். பதினொரு மணிக்கு யார் வருவார்கள்? நவம்பரில் கடிகாரத்தைப் பின்தள்ளியபின் ஆறு மணியளவில் சபாத் முடிந்துவிடும், ஏழரை அல்லது எட்டு மணிக்குக் காட்சியைத் தாராளமாக வைக்கலாம். எந்தப் பருவமானாலும் சபாத் முடிவுக்கும் படத்துக்கும் நடுவே ஒன்றரை மணி நேரம் விடுங்கள்.

வசந்தத்திலும் கோடையிலும் வேறு தடைகளும் உண்டு. வசந்தகாலப் பாஸ்கா பண்டிகைக்குப் பிந்தைய வாரங்களில் ஆசாரமானவர்கள் இசையும் கொண்டாட்டமும் தவிர்ப்பார்கள். தம்மூஸ் மாதம் 17 முதல் ஆவ் மாதம் 9 வரையிலான மூன்று வாரம் ஜெருசலேம் ஆலயம் இடிந்ததற்கான துக்க காலம், அதன் கடைசி ஒன்பது நாட்கள் கடுமையானவை. இந்த மூன்று வாரம் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வரும்.

திஷ்ரிக்கு அடுத்த ஹெஷ்வான் மாதம்தான் உங்களுக்கு ஏற்றது. பொதுவான பண்டிகையோ பெருநோன்போ அதில் இல்லை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட பிரிட்டனின் யூதத் திரைவிழா நவம்பரில் நடப்பதற்கு இந்த வசதி பொருந்துகிறது. நியூயார்க் விழா ஜனவரி, அட்லாண்டா விழா பிப்ரவரி. நவம்பர் 9, 10 தேதிகளை மட்டும் கவனியுங்கள். 1938இல் ஜெர்மனியில் ஜெப ஆலயங்கள் எரிக்கப்பட்ட இரவின் நினைவுக் கூட்டங்கள் அப்போது நடக்கும், அதே ஆட்கள்தான் அங்கும் போவார்கள். ஹெஷ்வான் 29 எத்தியோப்பிய யூதர்களின் பண்டிகையான சிக்த் நாள். 2008இல் இஸ்ரேல் அதை அரசு விழாவாக ஏற்றது. அந்த வாரத்தில் விழா அமைந்தால் எத்தியோப்பிய யூதர் பற்றிய ஒரு படத்துக்கு இடம் தயாராக இருக்கிறது.

நான்கு நாளை வியாழன் இரவு, சனி இரவு, ஞாயிறு முழுதும், திங்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிதான் உங்கள் சிறந்த நேரம், முக்கியமான படத்தை அங்கே வையுங்கள். திங்கள் மதியம் ஒரு மணிக் காட்சியைக் குறைத்து எண்ணவேண்டாம். இத்தகைய விழாக்களின் பார்வையாளர்களில் ஓய்வுபெற்றவர்கள் அதிகம், இரவில் வண்டி ஓட்டத் தயங்குபவர்கள் பகலில் வருவார்கள்.

இனி பட்டியல். அம்மையார் சொன்னது சரி. படுகொலை பற்றிய படங்கள் ஏராளமாக, எளிதாக, விளம்பரத்தோடு கிடைக்கின்றன. குழு சோர்ந்திருக்கும்போது பட்டியல் தானாக அந்தப் பக்கம் சாயும். எட்டில் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. 1980இல் டெபோரா காஃப்மன் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய விழாதான் உலகில் இவ்வகையில் முதலாவது. ஹாலிவுட் வார்த்துவைத்திருந்த யூத உருவங்களுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று காட்டுவதுதான் அதன் நோக்கமாக இருந்தது. அந்த நோக்கம் உங்களுக்கும் போதுமானது.

திறப்புப் படத்துக்கு என் தேர்வு 1936இல் போலந்தில், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷில் எடுக்கப்பட்ட இசைநாடகமான ‘யிட்ல் மிட்ன் ஃபிட்ல்’. ஜோசப் கிரீன் நியூயார்க் மேடையின் நட்சத்திரம் மோலி பிகானைப் போலந்துக்கு அழைத்துப்போய் எடுத்தது. ஆண் வேடமிட்டு ஊர்சுற்றும் வாத்தியக் குழுவில் சேரும் பெண்ணின் கதை. அதில் ஒரு நீண்ட கல்யாண விருந்து வருகிறது. ஊர்மக்களையே உட்காரவைத்து எடுத்தார்கள். பார்வையாளர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள், சில ஆண்டுகளில் அந்த ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பது அவர்களுக்கே தெரியும். அதை அறிமுக உரையில் நீட்டவேண்டாம். அடுத்த ஆண்டு வந்த ‘திப்புக்’ இதற்கு நேரெதிர்: இறந்த காதலனின் ஆவி மணப்பெண்ணுக்குள் புகுவது. இரண்டு மணி நேரம், நிதானமான நடை. அதைத் தொடக்கத்தில் வைத்தால் கூட்டம் நெளியும், சனி இரவுக்குப் பொருந்தும்.

இந்த யித்திஷ் படங்களுக்கு நீங்கள் முதலில் எழுதவேண்டிய இடம் மாசசூசெட்ஸில் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் தேசிய யூதத் திரைப்பட மையம். பழைய பிரதிகளை மீட்டு, புதிய ஆங்கில வசனவரிகள் சேர்த்து வாடகைக்குத் தருகிறார்கள். யூடியூபில் கிடைப்பது பெரும்பாலும் பழைய வெளியீட்டுப் பிரதி. அதில் வசனவரி பேச்சின் ஒரு பகுதிக்குத்தான் வரும், நகைச்சுவையெல்லாம் போய்விடும். மேலும், கடையில் வாங்கிய வட்டானாலும் இணையத்தில் பார்க்கக் கிடைப்பதானாலும் பொது இடத்தில் திரையிடும் உரிமை அதனோடு வராது. ஒவ்வொரு படத்துக்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதில் காட்சிகளின் எண்ணிக்கை, இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் உண்டா இல்லையா என்ற மூன்றும் இருக்கவேண்டும். இரண்டாம் காட்சி சேர்த்தால் கட்டணம் மாறும்.

மௌனப்படம் ஒன்று வேண்டுமென்றால் 1924இல் வியன்னாவில் எச். கே. பிரெஸ்லவர் எடுத்த ‘யூதர்கள் இல்லாத நகரம்’. யூதர்களை வெளியேற்றிய நகரம் பொருளாதாரத்தில் சரிந்து அவர்களைத் திரும்ப அழைப்பது கதை. காணாமற்போன பகுதிகள் கொண்ட பிரதி 2015இல் பாரிஸின் பழம்பொருள் சந்தையில் கிடைத்தது, ஆஸ்திரியத் திரைப்படக் காப்பகம் 2018இல் மீட்டு வெளியிட்டது. நேரடி இசையோடு போடுவதுதான் அழகு, ஆனால் அதற்குச் செலவும் வேலையும் அதிகம்: பியானோவைக் காட்சியன்றே சுருதி சேர்க்கவேண்டும், இசைக்குறிப்பு விளக்கின் வெளிச்சம் திரையில் படக்கூடாது, ஒத்திகைக்கு அரங்கம் முழுதாக இரண்டு மணி நேரமாவது காலியாக இருக்கவேண்டும். முதலாண்டில் தவிர்ப்பதே நல்லது என்பேன்.

மீதி இடங்களில் வட ஆப்பிரிக்க, இராக்கிய, துருக்கிய யூதர்களைக் கொண்டுவாருங்கள். ஐரோப்பிய வழி வந்தவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு இவர்கள் மறந்துபோவது வழக்கம். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று பேர் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடட்டும், பிறகு கூடிப் பேசுங்கள். கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால், குரல் பெரிதானவருக்குப் பிடித்த படம் எல்லோருக்கும் பிடித்துவிடும்.

திரையிடலில் உங்கள் அனுபவம் உதவும், ஆனால் இங்கே வரும் கோளாறுகள் கொஞ்சம் வேறு. முப்பதுகளின் படம் 1.37 விகிதத்தில் ஏறக்குறைய சதுரமாக இருக்கும். அகலத்திரையின் இருபக்கமும் கருப்புப் பட்டை வரத்தான் செய்யும். இயக்குபவர் நல்லெண்ணத்தோடு பெரிதாக்கித் திரையை நிரப்பினால் மேலே தலையும் கீழே வசனவரியும் வெட்டுப்படும். ஒலி ஒற்றைத்தடம். நடு ஒலிபெருக்கியில் மட்டும் வரட்டும், சுற்றொலியாகப் பரப்பினால் பழைய ஒலித்தடத்தின் கரகரப்பு அரங்கெங்கும் கேட்கும்.

புதிய படங்கள் டிசிபி எனப்படும், திரையரங்குகளுக்கான டிஜிட்டல் கோப்பாக, பூட்டப்பட்டு வரும். அதற்கான சாவி குறிப்பிட்ட ஒரு அரங்கின் சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் வேலைசெய்யும். மூன்று திரை உள்ள அரங்கில் முதல் திரைக்கு வாங்கிய சாவியால் இரண்டாம் திரையில் படத்தைத் திறக்க முடியாது. இஸ்ரேலிலிருந்தோ பிரான்சிலிருந்தோ வரும் சாவி அங்கத்திய நேரக் கணக்கில் காலாவதியாகிவிடுவதும் நடக்கும். காட்சிக்கு 24 மணி நேரம் முன்பே தொடங்கி மறுநாள்வரை செல்லும் சாவியைக் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடம், நடுவில் ஒரு இடம், கடைசி ஐந்து நிமிடம் மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். வசனவரி தனிக் கோப்பாக இருந்தால், ஆங்கிலப் பதிப்பைத் தேர்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மாற்றாக ஒரு புளூரே வட்டு கையில் இருக்கட்டும்.

அரசியலுக்கு வருகிறேன். சச்சரவே இல்லாமல் நடத்தும் வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் அது எந்தக் கதவு வழியாக வரும் என்பதை முன்னரே தெரிந்துகொள்ளலாம். 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு படத்தின் வழியாக வந்தது: காசாவில் இஸ்ரேலிய புல்டோசரின் கீழ் இறந்த அமெரிக்கப் பெண் ரேச்சல் கோரி பற்றிய ஆவணப்படமும் மேடையில் அவருடைய தாயாரும். 2014இல் லண்டனில் நன்கொடை வழியாக: காசா போரின்போது, இஸ்ரேலியத் தூதரகத்தின் சுமார் 1,400 பவுண்டை விட்டுவிட்டால்தான் இடம் தருவோம் என்று டிரைசைக்கிள் அரங்கம் சொன்னது, விழா மறுத்து வெளியேறியது, சில நாட்களில் அரங்கம் தன் நிபந்தனையைத் திரும்பப் பெற்றது. உங்கள் ஒன்டாரியோவிலேயே 2024 மார்ச்சில் ஹாமில்டன் நகரத் திரையரங்கம் ஒன்று பாதுகாப்பைக் காரணம் காட்டி அங்குள்ள யூதத் திரைவிழாவைத் தள்ளிவைத்தது, விழாவினர் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று.

ஆக, அரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே நன்கொடையாளர் பட்டியலையும் முழுப் படப்பட்டியலையும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பிறகு தெரியவருவதுதான் சண்டையாகிறது. அரங்கம் பின்வாங்கினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, பணம் எப்போது திரும்பும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சமூக மையத்தின் சொந்த அரங்கை அதே தேதிக்கு மாற்றாகப் பிடித்துவையுங்கள். பாதுகாப்புக்குத் தனிப் பணம் ஒதுக்குங்கள், காவல்துறைக்கு முன்கூட்டியே எழுதுங்கள். பைகளைச் சோதிக்க நேரமாகும் என்பதால் கதவை 45 நிமிடம் முன்பே திறங்கள். படத்துக்குப் பிந்தைய உரையாடல் 20 நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். கேள்விகளை அட்டையில் எழுதி வாங்குங்கள். ஒலிவாங்கியைக் கூட்டத்துக்குள் அனுப்பினால் கேள்வி வராது, உரைதான் வரும்.

எந்த இஸ்ரேலியப் படம், எந்தப் பேச்சாளர் என்பதை அச்சமூகத்தார் தங்களுக்குள் முடிவுசெய்யட்டும். அந்த வாக்கெடுப்பில் நீங்கள் ஒதுங்கியிருப்பது நல்லது. திரையிடல் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மனமுவந்து தருவார்கள். கூடவே இந்திய யூதர்களுக்கான ஒரு காட்சியையும் முன்மொழியுங்கள். மௌனப்பட நாயகி சுலோச்சனாவின் இயற்பெயர் ரூபி மையர்ஸ். நாதிராவும், 1947இல் முதல் மிஸ் இந்தியாவான பிரமிளாவும், குணச்சித்திர நடிகர் டேவிட்டும் யூதர்களே. இவர்களைப் பற்றி டேனி பென்-மோஷே எடுத்த ‘ஷாலோம் பாலிவுட்’ என்ற ஆவணப்படம் 2017இல் வந்தது. உங்கள் தமிழ்ப்பட நண்பர்களை அழைத்துவரவும் இதுவே நல்ல வாய்ப்பு.

அன்று தின்பண்டம் கொண்டுவரலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். சைவம் என்பதாலேயே அது கோஷர், அதாவது யூத உணவு விதிக்கு உட்பட்டது, ஆகிவிடாது. சமைத்த பாத்திரமும் அடுப்பும்கூடக் கணக்கில் வரும். டொராண்டோவின் சிஓஆர் அமைப்பு தரும் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலங்கள் மட்டும் மேஜைக்கு வரட்டும். இறைச்சியே வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் பாலையும் இறைச்சியையும் பிரிக்கும் தொல்லை இல்லை. ஒயினுக்கும் திராட்சைச் சாற்றுக்கும் தனிச் சான்று வேண்டும். சமோசா இல்லாமல் இந்தியக் காட்சி நிறைவாகாது என்று நினைத்தால், சான்று பெற்ற சமையல்காரரிடம் இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து வேண்டாம்.