அடைப்புக்கு முன் தடவிய ஆசிட் பல்லை அரித்துக்கொண்டே போகுமா?

பல்லை அடைத்த பிறகு கூசுகிறது, தடவிய ஆசிட்தான் காரணமோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அரித்துக்கொண்டே போகாது. அந்த ஆசிட் உங்கள் பல்லில் இருந்ததே 15 முதல் 30 விநாடிதான். நீல ஜெல்லைத் தடவி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, காற்றடித்திருப்பார்கள். அப்போது கண்ணாடியில் பார்த்திருந்தால் எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் தெரிந்திருக்கும். நுண்துளைகள் விழுந்ததன் அடையாளம் அது. அந்தத் துளைகளுக்குள் பசை இறங்கி இறுகுவதால்தான் அடைப்பு நிற்கிறது. 1955-இல் மைக்கேல் பியூனோகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது. அவர் 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் வைத்தார். இன்று பல் மருத்துவர்களான நாங்கள் வைப்பது பெரும்பாலும் 37 சதவீதம்தான்.

'லேசரில் செய்திருந்தால் இந்தக் கூச்சம் வந்திருக்காதே' என்று இணையத்தில் படித்துவிட்டு, அடைப்பைப் பெயர்த்து மறுபடி வைக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம். பல் சிகிச்சைக்குப் பயன்படும் எர்பியம் லேசர், பல்லிலுள்ள ஈரத்தைச் சட்டென்று ஆவியாக்கி, அந்தத் தெறிப்பில் பல்லைச் செதுக்கும். சொத்தையை எடுக்க நல்ல கருவி. ஆனால் செதுக்கிய பரப்புக்கு அடியில் நுண்விரிசல்கள் விழலாம். அதனால் லேசருக்குப் பிறகும் பலர் அதே நீல ஜெல்லைத்தான் தடவுகிறோம்! அடைப்பின் ஓரம் சரியாக ஒட்டாமல் கசிய வேண்டுமானால், காயவைத்த பல்லில் எச்சில் பட்டாலே போதும். ஆசிட்டா லேசரா என்பதெல்லாம் அப்புறம். அதோடு, அடைப்பைப் பெயர்க்கும்போது நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

அடைத்து ஐந்து நாள்தானே ஆகிறது? இரண்டு, மூன்று வாரம் கூச்சம் இருக்கலாம். நிறம் சற்று மாறித் தெரிவதை விட்டுத்தள்ளுங்கள். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு உயரமாக இருக்கலாம், தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். குளிர்ந்த தண்ணீரை விழுங்கிவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஐந்தாறுக்குள் கூச்சம் அடங்கினால் கவலையில்லை. முப்பதைத் தாண்டியும் விண்விண்ணென்று தெறித்தால், சூடு பட்டால் வலி ஏறினால், ஒன்றும் செய்யாமலே இரவில் வலி எழுப்பிவிட்டால், உள்ளே நரம்பு வீங்கியிருக்கிறது என்று பொருள். உடனே காட்டுங்கள். முகம் வீங்கி, காய்ச்சலோ விழுங்கச் சிரமமோ இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அடக்கிக்கொள்கிறேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். ஆசிட்டுக்குப் பயந்தவர் செய்கிற வேலையா இது? ஆஸ்பிரினும் ஓர் அமிலம்தான், அதை யாரும் 15 விநாடியில் கழுவுவதில்லை. ஈறு வெந்து வெள்ளையாக உரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.