வாசகர் கேள்வி: பிரஷர் குளிசையை விட்டு விட்டுப் போடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது, வயல் செய்கிறார். பிரஷரும் சீனியும் இருக்கிறது. தலையிடித்தால் மட்டும் குளிசை போடுவார். "நெடுகக் குளிசை விழுங்கி எத்தனை வருசம் கூட இருக்கப் போறன்?" என்கிறார்.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: நியாயமான கேள்விதான். சீனியும் பிரஷரும் சேர்ந்திருந்தவர்களைப் பிரித்தானியாவில் எட்டு ஆண்டுக்கு மேல் கவனித்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தை இறுக்கமாகக் கொடுத்த பகுதியினருக்குப் பிரஷர் சராசரி 144/82, மற்றவர்களுக்கு 154/87. மேல் எண்ணில் பத்துத்தான் வித்தியாசம். அதற்கே பாரிசவாதம் 44 சதவீதமும், சீனியோடு தொடர்பான மரணம் 32 சதவீதமும் குறைந்தன. பாரிசவாதம் வந்த எல்லோரும் உடனே சாவதில்லை என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள். ஒரு பக்கம் இழுத்து, பேச்சுக் குழறி, கிணற்றடிக்குப் போகவும் ஆள் பிடிக்கவேண்டிய நிலையில் பல வருசம் இருப்பவர்கள் உண்டு.

தலையிடியை நம்பவேண்டாம். 180 இருந்தாலும் பலருக்கு ஒன்றும் தெரியாது. அம்லோடிபின் என்ற பிரஷர் குளிசை முழுதாக வேலை செய்யவே ஒரு கிழமைக்கு மேல் பிடிக்கும். இடையிடையே ஒன்று போடுவதில் பலனில்லை. அம்லோடிபினால் கால் வீங்கினாலோ, எனலாப்ரில் என்ற இன்னொரு பிரஷர் குளிசையால் வரட்டு இருமல் வந்தாலோ கிளினிக்கில் சொன்னால் மாற்றித் தருவார்கள். சொல்லாமல் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொரு பிழை, இரத்தப் பரிசோதனை என்று பிரஷர் குளிசையையும் விட்டுவிட்டுக் கிளினிக் போவது. அன்று பிரஷர் ஏறியிருக்கும், டொக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு பிரஷர் குளிசையைப் போடலாம். சீனிக் குளிசையை மட்டும் கையில் கொண்டுபோய், இரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு போடட்டும். பிரஷர் அளக்கமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து இருக்கவேண்டும். முந்திய அரைமணிக்குள் தேத்தண்ணியும் புகையும் கூடாது.

அருவி வெட்டு நாளில் நாரி நோவுக்குக் கடையில் வாங்கும் டைக்ளோபெனாக் பிரஷரை ஏற்றும். லொசாட்டன் என்ற பிரஷர் குளிசையோடு சேர்ந்தால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கம் ஏற்கெனவே இருக்கிறபோது இது தேவையா? பரசிட்டமோல் எடுக்கட்டும். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய, வருடத்துக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் கிரியற்றினினும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் பார்க்கக் கேளுங்கள்.

திடீரென வாய் கோணினால், கை விழுந்தால் அது பாரிசவாதமாக இருக்கலாம்; அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணித்தியாலம்தான் அவகாசம், ஸ்கான் எடுக்கும் நேரமும் அதற்குள் அடக்கம்.

கேள்வி: வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இன்சுலினை எப்படி வைப்பது?
— வாசகர், மல்லாவி

பதில்: பெரிய மண்பானைக்குள் ஈரமணல், அதற்குள் சின்னப் பானை. போத்தலைப் பையில் சுற்றிச் சின்னப் பானைக்குள் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வையுங்கள். திறந்த போத்தலைப் பொதுவாக நான்கு கிழமை பாவிக்கலாம். உருட்டியபின்னும் கட்டி மிதந்தால் எறிந்துவிடுங்கள்.