வாசகர் கேள்வி பதில்: ஆண்கள் கூடியிருந்து கதை கேட்கலாமா?

இம்மாதம் திருகோணமலையிலிருந்தும் அதன் அயலூர்களிலிருந்தும் வந்த கடிதங்களுள் ஐந்து ஒரே விடயத்தைப் பற்றியவை. பழங்கதை, சடங்கு, கூடியிருத்தல் ஆகியவற்றின் வழியே தம்மை அறிந்து வளர விரும்பும் ஆண்களுக்கென்று நிலாவெளிக் கரையோர விடுதியொன்றில் மூன்று நாள் வதிவிட முகாம் நடைபெறவிருக்கிறது என்பதே அது. இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஐயா, எனக்கு வயது 47. அரச அலுவலகமொன்றில் வேலை. என்னோடு படித்து இப்போது கனடாவில் இருக்கும் கூட்டாளி ஒருவர் இந்த முகாமுக்கு என்னையும் அழைக்கிறார். இரவில் தீ மூட்டி, மேளம் தட்டி, ஒரு கதையைப் பகுதி பகுதியாகச் சொல்லி, ஒவ்வொருவரும் மனத்தில் உள்ளதைப் பேசுவார்களாம். கட்டணம் 45,000 ரூபா. எனக்கு வெளியே குறையொன்றுமில்லை. அம்மா இறந்து மூன்று வருடமாகியும் நான் அழவில்லை என்பது மட்டும் உள்ளே கிடக்கிறது. இது வெள்ளைக்காரருடைய விளையாட்டா? நான் போகலாமா?
– உப்புவெளி வாசகர்

போகலாம் தம்பி. எதைத் தேடிப் போகிறீர்கள் என்பதைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். அது தெரியாமல் போகிறவர்களே பலர்.

இத்தகைய முகாம்களின் இன்றைய வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது உண்மைதான். 1980களில் ரொபர்ட் பிளை என்ற கவிஞரும் அவரோடு சேர்ந்த சிலரும் ஆண்களைக் காட்டுப்புறங்களில் கூட்டிவைத்துக் கதை சொல்லத் தொடங்கினார்கள். கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் நாட்டுக் கதையொன்று அவர்களிடையே பெயர் பெற்றது. காட்டுக் குளமொன்றின் அடியில் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் ஒரு மனிதன் கிடக்கிறான். குளத்து நீரை வாளி வாளியாக இறைத்துத்தான் அவனை வெளியே எடுக்கிறார்கள். பிறகு அவனை அடைத்துவைக்கும் கூண்டின் திறப்பு இளவரசனுடைய தாயின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. தொழிற்சாலை வந்து தந்தையை வீட்டிலிருந்து பிரித்துக்கொண்டு போனபின், மகன் தந்தையின் கையை வேலையில் காணாமலே வளர்ந்தான் என்பது பிளையின் வாதம். அவர் 1990இல் எழுதிய நூலுக்குப் பின் இந்த முகாம்கள் பல நாடுகளுக்கும் பரவின.

இதில் நமக்குப் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால், கட்டணத்தைத் தவிர அதிகமில்லை என்றே சொல்வேன். நம் கிழக்குக் கரையில் கூத்துப் பழகியவர்களை எண்ணிப் பாருங்கள். கூத்தாசானான அண்ணாவியார் அவரவர் பாத்திரத்துக்குரிய பாட்டுகளைச் சட்டங் கொடுக்கும் நாளில் தொடங்கி, சலங்கை கட்டி, அடுக்குப் பார்த்து என்ற ஒத்திகைகளையும் முடித்து, களரியில் அரங்கேறும் வரை, பகல் முழுவதும் வயலிலும் தோணியிலும் உழைத்த ஆண்கள் மாதக் கணக்கில் இரவுகளை ஒன்றாகக் கழித்தார்கள். தன் தாயிடம் வாழ்நாளில் ஒரு கேள்வியும் கேட்டிராத ஒருவர், கர்ணனாக நின்று, என்னை ஏன் ஆற்றில் விட்டாய் என்று குந்தியிடம் பாடினார். கதையின் பயன் அதுதான். தன்னுடையது என்று வாய் திறந்து சொல்ல முடியாததை இன்னொருவன் பெயரில் இறக்கிவைக்க அது ஓர் இடம் தருகிறது.

உங்கள் வீட்டிலிருந்து கன்னியா அதிக தூரமில்லை. வெந்நீரூற்றுகளின் ஐதிகம் உங்களுக்குத் தெரிந்ததே: தாய் வழிபடுவதற்காகக் கோணமலையையே பெயர்க்க முயன்றான் இராவணன், அதன் அடையாளமாக இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு இன்றும் நிற்கிறது, தாய் இறந்த செய்தியை ஒரு முதியவரின் வடிவில் வந்த திருமால் அவனிடம் சொல்ல, அவள் கடனைத் தீர்ப்பதற்கென்று அந்த ஏழு ஊற்றுகளும் எழுந்தன. சம்பந்தர் கோணமலைப் பதிகத்தின் எட்டாம் பாடலிலும் இராவணனே வருகிறான். மலையெடுத்தவனின் செருக்கு சிவனின் ஒரு விரலால் அடங்குகிறது, அவன் துதிக்கிறான், பிறகு பேறு பெறுகிறான். மலையைத் தூக்கக்கூடியவன் தாயின் கடனுக்காகக் குனிய வேண்டியிருந்தது என்று சொல்லும் ஊரில் நீங்கள் பிறந்திருக்கிறீர்கள்.

அப்பம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு நான் சிறுவனாகக் கன்னியாவுக்குப் போயிருந்தேன். சிறு சதுரக் கிணறுகள், குனிந்தால் அடி தெரியும்; ஒன்றின் சூடு மற்றொன்றில் இராது. பெரியப்பா அந்த முப்பத்தொரு நாளும் பந்தல் போடவும் அரிசி வாங்கவும் வந்தவர்களைக் கவனிக்கவுமாக ஓடித் திரிந்தவர். ஒருவரும் அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. முதற் கிணற்றில் வாளியை அமிழ்த்தி எடுத்தவர், தலையில் ஊற்றாமல் அப்படியே நின்றார். வாளியின் அடியில் இருந்த துவாரத்தால் வெந்நீர் அவர் காலில் ஒழுகிக்கொண்டிருந்தது. என் அப்பா ஒன்றும் பேசாமல் அண்ணனின் கைக்குக் கீழே தன் கையைக் கொடுத்து வாளியை உயர்த்தினார். ஏழாவது கிணற்றை அடையும்போது பெரியப்பாவின் முகத்தில் ஓடியது எந்த நீர் என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சடங்கு கைக்கு ஒரு வேலையைக் கொடுத்தது. அந்த வேலையின் மறைவில் அழுகை வந்தது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றார். நீங்கள் போகும் முகாம் இம்மூன்றையும் தருமானால் அது நல்ல முகாம்.

ஆனால் கடன்பட்டு 45,000 ரூபா கொடுக்க வேண்டாம். உங்கள் தெருவிலிருந்தே ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கனடாக் கூட்டாளி விமானம் ஏறிய பிறகு நீங்கள் சந்தையில் சந்திக்கப் போகிறவர் அவர்தான். நித்திரையின்மை நீடித்தாலோ, வாழ்ந்தென்ன என்ற எண்ணம் எழுந்தாலோ முகாமை எதிர்பார்த்திருக்காமல் அரச மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி எண்ணையும் அழைக்கலாம். முகாம் சிகிச்சை ஆகாது.

ஐயா, என் கணவர் சென்ற வருடம் இப்படியொரு முகாமுக்குப் போய்வந்தார். 22 வருடமாக என்னிடம் சொல்லாத எதையோ அங்கே முன்பின் தெரியாதவர்களிடம் சொல்லியிருக்கிறார். என்னவென்று கேட்டால், அங்கே பேசியதை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். நான் அவருக்கு யாருமில்லையா?
– மூதூர் வாசகி

உங்கள் மனம் நோவது நியாயமானது, சகோதரி. முன்பின் தெரியாதவரிடம் பேசுவது எளிது. அவருடைய முகத்தில் தோன்றும் வருத்தத்தை நாளைக் காலைச் சாப்பாட்டு வேளையில் பார்க்க வேண்டியதில்லை. உங்கள் கணவர் 22 வருடமும் மறைத்தது உங்களை நம்பாததனால் என்பதைவிட, உங்கள் முன்னால் உடைந்து நிற்க அஞ்சியதனால் என்று கொள்வதற்கே இடம் அதிகம். நம் ஆண்களிடம் 1983 கலவரத்துக்குப் பின்னும், 2004 டிசம்பர் கடற்கோளுக்குப் பின்னும், 2006இல் உங்கள் மூதூர் இடம்பெயர்ந்தபோதும், குடும்பத்தைக் காப்பாற்று என்று சொன்னோம். காப்பாற்ற முடியாமற்போனதை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை.

மற்றவர்கள் பேசியதை அவர் காப்பது சரி. தம்முடையதை உங்களிடம் சொல்வதற்கு எந்த வாக்கும் தடையாகாது. இதை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். அங்கே என்ன சொன்னீர்கள் என்று கேட்பதைவிட, அங்கே என்ன கதை சொன்னார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கதையைச் சொல்லத் தொடங்கும் ஆண் எந்த இடத்தில் தடுமாறுகிறார் என்பதை 22 வருடம் கூட வாழ்ந்த உங்களைப் போல் வேறு யாரும் கண்டுகொள்ள முடியாது.

இன்னொன்றையும் கேளுங்கள்: அங்கே பெண்களைப் பற்றி என்ன பேசினார்கள்? ஆணின் வலிக்குப் பெண்ணே காரணம், அவனுடைய இடத்தை அவள் பறித்துவிட்டாள் என்று போதிக்கும் முகாமாக இருந்தால், அவர் அடுத்த முறை அங்கே போகக் கூடாது. அமெரிக்காவிலும் இந்த இயக்கத்தை நோக்கிப் பெண்ணியவாதிகள் எழுப்பிய குற்றச்சாட்டு இதுவே. அது முற்றிலும் ஆதாரமற்றதன்று. போய்வந்தவர் வீட்டில் முன்னைவிடப் பொறுமையாகப் பேசுகிறாரா, பிள்ளைகளின் பக்கத்தில் இருக்கிறாரா என்பதே எனக்கு அளவுகோல்.

என்னோடு தொழில் செய்யும் முஸ்லிம் நண்பரும் கத்தோலிக்க நண்பரும் வரலாமா? அங்கே சைவச் சடங்கு இருந்தால் அவர்களுக்குச் சங்கடமாகாதா?
– குச்சவெளி வாசகர்

வரலாம், வர வேண்டும். விளக்கேற்றுவதையோ திருநீறு பூசுவதையோ எவருக்கும் கட்டாயமாக்காமல், தொழுகை நேரத்தை மதித்து, ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியவர் சொன்ன கதையொன்றைக் கொண்டுவரட்டும். உங்கள் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடிக்கொண்டு கால்களை மணலில் ஊன்றிக் கயிற்றை இழுக்கிறார்கள். பக்கத்தில் நிற்பவர் என்ன மதம் என்று கயிறு கேட்பதில்லை. 1990களில் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஆண்கள் பட்டறைக் கொட்டகைகளும் இதே வழியில் நடக்கின்றன. முகம் பார்த்துப் பேச வராத ஆண்கள், தோளோடு தோள் நின்று மரம் இழைக்கும்போது பேசுகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து எங்கள் ஊரிலேயே இப்படியொன்றைச் செலவில்லாமல் நடத்த விரும்புகிறோம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– தம்பலகாமம் வாசகர்

நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது. சனசமூக நிலைய மண்டபமே போதும், பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நாள், மாதந்தோறும் போயா தினமாக இருக்கட்டும். விடுமுறை என்பதோடு மதுக்கடைகளும் அன்று மூடியிருக்கும். நம் ஊர்களில் ஆண்கள் கூடுவதற்குப் போத்தல் ஒன்றே காரணமாகிவிட்ட நிலையில் இது சிறிய உதவியன்று.

சடங்குக்கு மூன்று படிகள் உண்டு என்று 1909இல் வன் கெனெப் என்ற அறிஞர் காட்டினார்: வழக்கமான வாழ்விலிருந்து பிரிதல், வாசற்படியில் நிற்றல், மீண்டும் ஊருக்குள் சேர்தல். வாடகை விடுதிகளில் நடக்கும் முகாம்கள் முதல் இரண்டையும் அழகாகச் செய்து, மூன்றாவதைப் பேருந்து நிலையத்தில் விட்டுவிடுகின்றன. ஐயப்ப விரதத்தைப் பாருங்கள். 41 நாள் மாலை அணிந்தவரை ஊரே சாமி என்று அழைக்கிறது, குருசாமி இருமுடி கட்டுகிறார், திரும்பி வந்து மாலையைக் கழற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உங்கள் கூட்டத்திலும் அந்த மூன்றாம் படி இருக்க வேண்டும். சென்ற மாதம் வந்த ஒருவர் இம்மாதம் வராவிட்டால், இருவர் அவருடைய வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஆட்களை முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருவரையும் வற்புறுத்திப் பேசவைக்காதீர்கள். பேரிழப்பைக் கண்டவர்களை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்லவைப்பது ஆற்றுவதில்லை என்றும் சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்றும் மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெளிநாட்டு முகாம்களில் நம்பிக்கைப் பயிற்சி என்ற பெயரில் கண்களைக் கட்டி நடக்கவைக்கிறார்கள். இந்த மண்ணில் அதைச் செய்யவே கூடாது. கண் கட்டப்பட்ட நினைவோடு வாழ்கிறவர்கள் உங்கள் பன்னிரண்டு பேருள்ளும் இருக்கலாம். பட்டினி, மூச்சடக்கல், வெப்பத்தைத் தாங்கிக் காட்டல் ஆகிய வீரப் பரீட்சைகளும் வேண்டாம். 2009இல் அமெரிக்காவின் அரிசோனாவில், சுயமுன்னேற்ற முகாமொன்றின் வெப்பக் கூடாரச் சடங்கில் மூவர் இறந்தனர். அதை நடத்தியவர் சிறைக்குச் சென்றார்.

என் அப்பா இறந்தபோது நாங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தோம். அந்தியேட்டி செய்ய முடியவில்லை. நிலாவெளி முகாமில் அந்தக் கடனைத் தீர்க்கலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– திருகோணமலை வாசகர்

அங்கே செய்ய வேண்டாம், தம்பி. அந்த முகாமில் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு கல்லைக் கடலில் போடச் சொன்னால் போடுங்கள், பிழையில்லை. ஆனால் கடன் தீர்ந்தது என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. தந்தையை இழந்தவர்களுக்கென்று ஆடி அமாவாசை வருடந்தோறும் வருகிறது. உங்கள் குடும்பத்து ஐயரிடம் முன்கூட்டியே பேசி, விட்டுப்போன கிரியைக்கு என்ன முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்று காலை கோணேசர் கடலில் மூழ்கித் தர்ப்பணம் செய்யும்போது, நிலாவெளி முகாமில் உங்களோடு இருந்தவர்களுள் இருவரைக் கரையில் நிற்கச் சொல்லுங்கள். மதியம் அவர்களையும் வீட்டுக்கு அழைத்து, காத்தோட்டிக்காய் பொரித்து, அப்பா விரும்பிச் சாப்பிட்ட கறியொன்றும் வைத்துப் படைத்த பிறகு, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களில் அதைக் கேட்க யாருக்கும் நேரமிருந்திராது.