நாலு பேர் போதுமா?

அன்புள்ள ஐயா,

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் பிராங்க்ளின் ஆற்றை அணையிலிருந்து மக்கள் காப்பாற்றிய கதையை அண்மையில் படித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே ஏக்கமும் வந்தது. அது ஆளே இல்லாத காடு, தெளிந்த ஆறு. ஒரு படத்தைக் காட்டினாலே யாருக்கும் மனசு இளகிவிடும். எங்கள் ஊர் கெடிலம் ஆற்றை எப்படிக் காட்டுவது? கல்லூரி நண்பர்கள் சேர்ந்து கரையில் குப்பை பொறுக்கத் தொடங்கினோம். முதல் வாரம் அறுபது பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் நாலு பேர். "இதெல்லாம் வெளிநாட்டில்தான் நடக்கும்" என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

உங்கள் வாசகன்,
கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பிக்கு,

சரியில்லை. ஆனால் ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. வென்ற போராட்டங்களின் கடைசிக் கட்டம்தான் நம் காதுக்கு வந்து சேர்கிறது. பிராங்க்ளினுக்கு முன்னால் ஒரு தோல்வி இருக்கிறது. அதே டாஸ்மேனியாவில் பெடர் என்று ஓர் ஏரி, அதற்கு இளஞ்சிவப்பு மணற்கரை. நீர்மின் திட்டத்துக்காக 1972இல் அதை மூழ்கடித்தார்கள். மக்கள் எதிர்த்துப் பார்த்துத் தோற்றார்கள். தோற்றவர்களில் பலர் வீட்டுக்குப் போய்விடவில்லை, அடுத்து எந்த ஆற்றில் கை வைப்பார்கள் என்று கவனித்தபடி இருந்தார்கள். 1976இல் பாப் பிரவுன் என்ற மருத்துவர் ஒரு நண்பருடன் ரப்பர் படகில் பிராங்க்ளின் ஆற்றில் போய்வந்தார். 1981இல் அரசு ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. அணையை எங்கே கட்டலாம் என்று இரண்டு இடங்கள் மட்டும் சீட்டில் இருந்தன. கட்டவே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் 'அணை வேண்டாம்' என்று சீட்டில் கையால் எழுதிப் போட்டார்கள். அப்புறம்தான் நீங்கள் படித்த மறியலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதுகளும். 1983 ஜூலை 1இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அணையைத் தடுக்கும் பக்கம் நாலு நீதிபதிகள், மறுபக்கம் மூன்று பேர். அவ்வளவு நூலிழை.

ஆளில்லாத காடு என்று எழுதியிருக்கிறீர்கள், அதை நான் ஏற்கவில்லை. பிராங்க்ளின் கரையில் குட்டிகினா என்ற சுண்ணாம்புக் குகை இருக்கிறது. பனியுகக் காலத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்பே, பழங்குடி மக்கள் அங்கே வாழ்ந்ததற்கான கல்கருவிகள் 1981 அகழாய்வில் கிடைத்தன. அணை வந்திருந்தால் அந்தக் குகை நீருக்கடியில் போயிருக்கும். வழக்கில் அதுவும் பேசப்பட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பக்கத்து ஊரான குவீன்ஸ்டவுனில் பலர் வேலை கிடைக்கும் என்று அணையை விரும்பினார்கள். நம் ஊர் சண்டைதான் அங்கேயும்.

சரி, கடலூருக்கு வருவோம். சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில் குடிகாடு, ஈச்சங்காடு ஊர்க்காரர்கள் செய்ததை உங்கள் வீட்டில் சொல்லுங்கள். நாற்றத்தைப் பற்றி எத்தனை முறை புகார் சொன்னாலும் "ஆதாரம் என்ன?" என்ற கேள்வியே திரும்பி வந்தது. அதனால் கண்காணிப்புக் குழு அமைத்து, எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எந்தப் பக்கமிருந்து, அழுகிய முட்டை நாற்றமா வேறு நாற்றமா என்று எழுதி வைக்கப் பழகினார்கள். 2004 வாக்கில் ஒரு வாளிக்குள் தனி வகைப் பையை வைத்துக் காற்றைப் பிடித்து அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருட்கள் அதில் இருந்தது தெரியவந்தது. சிப்காட் பிரச்சினை அதோடு முடியவில்லை. ஆனால் "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது அதன்பிறகு யாருக்கும் எளிதாக இல்லை.

பிச்சாவரத்துக்கு எத்தனையோ தடவை படகில் போயிருப்பீர்கள். அங்கே காடு அழிந்த கதையை யாராவது சொன்னார்களா? பல பத்தாண்டுகள் சதுப்புநிலக் காட்டைப் பகுதி பகுதியாக மொத்தமாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து, அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கியது, உப்பு ஏறியது, புதுக் கன்று எதுவும் பிழைக்கவில்லை. பழி என்னவோ விறகு வெட்டும், ஆடுமாடு மேய்க்கும் ஊர்மக்கள் மேல்தான் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உண்மைக் காரணத்தைக் கண்டு சொன்னார்கள். வனத்துறையும் கிராம மக்களும் சேர்ந்தார்கள். மீன் முள் போல நடுவில் ஒரு வாய்க்கால், இருபக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். கடல் ஏறி இறங்கும் ஓதத்தில் நீர் வந்து போகத் தொடங்கியதும் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. 2004 சுனாமியில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அங்குள்ள எவரும் சொல்வார்கள்.

அந்தக் காரணம் தெரியாமல் பள்ளத்தில் ஆயிரம் பேர் போய்க் கன்று நட்டிருந்தாலும் ஒன்றும் பிழைத்திருக்காது. அதனால்தான் அறுபது பேர் நாலு பேரானதைப் பற்றி நான் அவ்வளவு கவலைப்படவில்லை. குப்பை பொறுக்குவது நல்ல காரியம், ஆனால் அடுத்த வாரமே திரும்பி வந்துவிடும். அந்த நாலு பேரும் திருவந்திபுரத்திலிருந்து தேவனாம்பட்டினம் வரை மாதம் ஒருமுறை கரையோரம் நடந்துபாருங்கள். கழிவுநீர் எந்த வாய்க்கால் வழியாக ஆற்றில் விழுகிறது, தண்ணீர் என்ன நிறம், எங்கே நுரை என்று ஒவ்வொரு முறையும் அதே இடங்களில் நின்று படம் எடுத்துத் தேதியோடு எழுதுங்கள். முகத்துவாரம் எந்த மாதம் மண்மூடுகிறது, எந்த மீன் வராமல் போனது என்று மீனவர்களிடம் கேட்டு எழுதுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு போடவும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்கவும், தேவைப்பட்டால் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் அமர்வுக்குப் போகவும் அந்த நோட்டு வேண்டும். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தையொட்டிக் கிராம சபை கூடும். அங்கே உறவினர் யாராவது இருந்தால் ஆற்றைப் பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணல் அள்ளும் இடத்தில் தனியாக நின்று படம் எடுக்காதீர்கள். இரவில் போகவே வேண்டாம்.

முதல் மனு எழுதும்போது வரைவை எனக்கு அனுப்புங்கள். பார்த்துத் திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து